பழைய பெயரே தகுதி!

சேலத்திலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏற்காடு போயிருப்பீர்கள். ஏரியில் படகு விட்டு, மிளகும் காபிப்பொடியும் வாங்கிக்கொண்டு இறங்கியும் இருப்பீர்கள். அந்த மலையிலேயே, காபித் தோட்டங்களுக்கு நடுவே மஞ்சக்குட்டை என்று ஓர் ஊர். அங்கே ஒருவர் குடியை விட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர் என்ன சொல்லும்? 'பார்ப்போம், எத்தனை நாளைக்குன்னு!' வேலை கேட்டுப் போனால், அவருக்கு முன்னால் அவருடைய பழைய பெயர் போய் நிற்கும்.

அந்தப் பழைய பெயரே ஒரு வேலைக்குத் தகுதியாக முடியுமா? முடிந்திருக்கிறது!

முதலில் நம்ம ஊர்க் கதை. 1937 அக்டோபர் 1-ம் தேதி ராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கியது இதே சேலம் மாவட்டத்தில்தான். கள் இறக்கியவர்கள் பிழைக்க வேண்டுமே என்று, வெல்லம் காய்ச்சும் மாற்றுத் தொழிலைப் பற்றியும் அப்போது யோசித்தார்கள். ஆனால், குடித்துக் கெட்டு மீண்டவரின் அனுபவம் இன்னொருவருக்கு மருந்தாகும் என்ற யோசனை வேறு இடத்தில் பிறந்தது.

1935 மே மாதம். அமெரிக்காவில் ஏக்ரன் என்ற ஊர். பங்குச் சந்தை ஆசாமி பில் வில்சன், வியாபாரம் படுத்துப்போய் ஓட்டல் கூடத்தில் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான். பக்கத்திலேயே மதுக்கூடம், சிரிப்புச் சத்தம் வேறு! கால் அந்தப் பக்கம் போகும்முன் டெலிபோனை எடுத்தார். 'நான் பேசுவதற்கு இன்னொரு குடிகாரர் வேண்டும்' என்று தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித். அந்த இருவரில் தொடங்கியதுதான் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்.

கவனித்தீர்களா? அவர் உதவி செய்யப் போனதே தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான்!

இதை உத்தியோகமாக்கியது மின்னசோட்டா மாநிலம். 1954-ல் குடிநோய் ஆலோசகர் என்று அரசுப் பதவியே உருவாக்கினார்கள். பள்ளிப் படிப்போடு, இரண்டு வருஷம் குடிக்காமல் இருந்ததும் தகுதி! பட்டம் படித்த நிபுணர்கள் முகம் சுளிக்காமல் இல்லை. ஆனால், 'நானும் இப்படித்தான் கிடந்தேன்' என்று ஒருவர் சொல்லும்போது நோயாளி நிமிர்ந்து உட்காருவாரே, அதை எந்தப் பட்டம் தரும்?

அதே மின்னசோட்டாவுக்குப் பயிற்சிக்குப் போனவர் சென்னையின் சாந்தி ரங்கநாதன். 1979-ல் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்தவர். அழுது முடித்துவிட்டு, 1980-ல் கணவர் பெயரிலேயே டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். குடிநோயாளிகளோடு குடும்பங்களுக்கும் அங்கே சிகிச்சை. 1989-ல் சிகிச்சையையே கிராமத்துக்குக் கொண்டுபோனார். ஊர் பெயர் மஞ்சக்குடி! (மஞ்சக்குட்டை இல்லை, இது காவிரிப் பக்கம்.) 1992-ல் அவருக்கு பத்மஸ்ரீ. மும்பையில் 1981-ல் கிருபா அறக்கட்டளையைத் தொடங்கிய பாதிரியார் ஜோ பெரைராவோ, தானே குடியிலிருந்து மீண்டவர்.

ஒரு எச்சரிக்கை. பட்ட அனுபவம் மட்டும் போதாது. திடீரென்று குடியை நிறுத்தினால் வலிப்பு வந்து உயிரே போகலாம். யாரை உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். உபதேசம் பண்ணாமல் கேட்க வேண்டும். கேட்டதை டீக்கடையில் சொல்லக்கூடாது. முக்கியமாக, அடுத்தவர் கதையில் தன் பழைய தாகம் எட்டிப் பார்த்தால், கூசாமல் உதவி கேட்க வேண்டும். இவ்வளவுக்கும் பயிற்சி வேண்டும், சும்மா வராது.

மஞ்சக்குட்டைக்காரருக்கு வேண்டியது அந்தப் பயிற்சியும், மாதம் பிறந்தால் ஒரு சம்பளமும்தான். அப்புறம் பாருங்கள்... நேற்று அவரைக் கண்டு கதவைச் சாத்தின வீட்டுக்காரம்மா, ராத்திரி பத்து மணிக்கு அவர் வீட்டுக் கதவைத் தட்டுவார். 'தம்பி, எங்க வீட்டுக்காரர்கிட்ட கொஞ்சம் பேசறீங்களா?'