விருதுக்கு முந்தைய பக்கங்கள்

"பருவநிலை மாறவில்லை, நாம்தான் மாறிவிட்டோம் என்று சொன்னவருக்கா ஐ.நா. சுற்றுச்சூழல் விருது?" 2018 அக்டோபரில் திருவனந்தபுரத்துச் சாயாக் கடைகளில் இந்தக் கேள்வி சூடாக ஓடியது. "உலகமே மெச்சுகிறது, உனக்கென்ன வயிற்றெரிச்சல்?" என்பது எதிர்ப்பாட்டு. இரு தரப்பிலும் யார் கையிலும் காகிதம் இல்லை. விருதின் தகுதியுரையில் என்னதான் எழுதியிருந்தது, அதற்கு முன்பு பிரதமர் மோடி பேசியது என்ன என்று தேடத் தொடங்கினேன்.

செப்டம்பர் 26 அன்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் வெளியிட்ட 'சாம்பியன்ஸ் ஆஃப் தி எர்த்' பட்டியலில் இந்தியாவுக்கு இரண்டு இடங்கள். கொள்கைத் தலைமைக்கான பிரிவில் நரேந்திர மோடியும் பிரெஞ்சு அதிபர் மக்ரோனும் சேர்ந்து ஒன்று. தொழில்முனைவுப் பிரிவில் கொச்சி பன்னாட்டு விமான நிலையத்துக்கு ஒன்று. அரசியல் சண்டையில் இந்த இரண்டாவது விருதை மலையாளிகளே பாதி மறந்துவிட்டார்கள். முழுக்கச் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உலகின் முதல் விமான நிலையம் என்று 2015 ஆகஸ்டில் பெயரெடுத்தது அது. மூன்று ஆண்டு கழித்து, அதே ஆகஸ்டில், பெரியாற்று வெள்ளம் ஓடுதளத்தில் ஏறி நின்றது. சுற்றுச்சுவர் இடிந்தது. 15ஆம் தேதி மூடிய நிலையம் 29ஆம் தேதிதான் திறந்தது. நியூயார்க்கில் விருது வாங்கியபோது ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மோடியின் பழைய பேச்சுகளைத் தேடியதில் முதல் தடயம் 2014 செப்டம்பர் 5. ஆசிரியர் தினத்தில் பிரதமர் மாணவர்களோடு பேசிய நிகழ்ச்சி. அசாமிலிருந்து ஒரு குழந்தை பருவநிலை மாற்றம் பற்றிக் கேட்கிறது. வீட்டுப் பெரியவர்கள் இந்த வருஷம் குளிர் அதிகம் என்பார்கள்; குளிர் கூடவில்லை, வயதானதால் தாங்கும் சக்தி குறைந்துவிட்டது என்கிற பாணியில் பதில் வருகிறது. ஊர் முழுக்கச் சுற்றிய துண்டுக் காணொளி இதோடு முடிந்துவிடும். முழுப் பேச்சைத் தேடி எடுத்தால் அடுத்த வாக்கியங்கள் வேறு திசையில் போகின்றன: நம் பழக்கங்கள் கெட்டுவிட்டன, அதனால் சூழலை அழித்துவிட்டோம், இயற்கையோடு மோதாமல் வாழ வேண்டும். முதல் பாதி அறிவியல்படி தவறு, அதில் சந்தேகமே இல்லை. வெப்பமானி கிழவர் அல்லவே! ஆனால் இரண்டாம் பாதியை வெட்டிவிட்டு அவரை மறுப்பாளர் என்று முத்திரை குத்துவதும் ஆவணத்துக்குச் செய்யும் நியாயம் ஆகாது.

பின்னோக்கிப் போனால் குழப்பம் கூடுகிறது. 2009இலேயே குஜராத் முதல்வராகப் பருவநிலை மாற்றத்துக்கென்று தனித்துறை அமைத்தவர் அவர். 2011இல் அதே பொருளில் 'கன்வீனியன்ட் ஆக்‌ஷன்' என்ற புத்தகமே அவர் பெயரில் வந்தது. அல் கோர் படத்தின் பெயரைத் திருப்பிப் போட்ட தலைப்பு. இனி முன்னோக்கி வந்தால், ஆசிரியர் தினப் பேச்சுக்கு மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, ஐ.நா. பொதுச்சபையில் யோகா பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள உதவும் என்கிறார். நாலு நாள் முன்பு அதே நியூயார்க்கில் நடந்த ஐ.நா. பருவநிலை மாநாட்டுக்கு அவர் போகவில்லை. அமைச்சர் ஜவடேகரை அனுப்பினார். நம்பிக்கை, ஐயம், நம்பிக்கை என்று மாறி மாறி வருகிற இந்த வரிசையில் எனக்குத் தெரிவது கொள்கை அல்ல, எதிரே உட்கார்ந்திருக்கும் கூட்டம்.

தகுதியுரைக்கு வருவோம். மோடிக்குச் சொல்லப்பட்ட காரணங்கள் இரண்டு. ஒன்று, 2015இல் பாரிஸில் தொடங்கிய பன்னாட்டுச் சூரியக் கூட்டணி. மற்றது, ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் அனைத்தையும் 2022க்குள் ஒழிப்போம் என்ற உறுதிமொழி. அந்த உறுதிமொழி பிறந்தது 2018 ஜூன் 5 அன்று. நாலு மாதம்கூட முதிராத வாக்குக்கு உலக விருது!

2022 ஜூலை 1 அன்று வந்த தடையை எடுத்துப் பார்த்தேன். உறிஞ்சுகுழல், தட்டு, கரண்டி, காது குடையும் குச்சி என்று 19 பொருட்கள். தண்ணீர் பாட்டில் இல்லை. ஷாம்பு, பாக்கு, ஊறுகாய்ப் பொட்டலங்கள் இல்லை. திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில் எந்தப் பெட்டிக்கடையிலும் அவை சரம் சரமாகத் தொங்குகின்றன. 'அனைத்தையும்' என்று சொன்னது 19 ஆகிவிட்டது. ஐயப்படுகிறவர்கள் கேட்க வேண்டிய கேள்வி இது. 2014ஆம் ஆண்டுப் பேச்சையே பிடித்துத் தொங்கியதில் இதை எல்லோரும் கோட்டைவிட்டார்கள்.

கூட்டாளி மக்ரோன் கதையும் ரொம்ப வித்தியாசமில்லை. விருதுக்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 28 அன்று, அவருடைய சுற்றுச்சூழல் அமைச்சர் நிகோலா யூலோ வானொலி நேரலையிலேயே பதவி விலகினார். சின்னச் சின்ன அடிகள் போதாது என்பது அவர் குறை. விருது கொடுத்த அமைப்பின் தலைவர் எரிக் சோல்ஹெய்ம், அளவுக்கு மீறிய விமானப் பயணச் செலவு பற்றிய தணிக்கைச் சர்ச்சையில் நவம்பரில் பதவி இழந்தார். புனைகதையில் எழுதினால் மிகை என்பார்கள்.

வெள்ளத்தைப் பற்றிய ஐயத்துக்கும் ஆவணம் உண்டு. "தொண்ணூற்றொன்பதிலும்தான் வெள்ளம் வந்தது, அப்போது எந்த உலக வெப்பமாதல்?" என்பது கேரளத்தில் பலமாகக் கேட்கும் வாதம். கொல்லம் ஆண்டு 1099, அதாவது 1924. மத்திய நீர் ஆணைய அறிக்கையைப் பிரித்தால் வாதம் வெறும் வாயல்ல என்பது தெரிகிறது: 1924 ஜூலை 16 முதல் 18 வரை 443 மில்லிமீட்டர், 2018 ஆகஸ்ட் 15 முதல் 17 வரை 414. பழைய மழைதான் பெரியது. ஒற்றை மழையை வைத்துக்கொண்டு உலகம் சூடாகிறது என்று நிறுவ முடியாது. அதே காரணத்தால், சூடாகவில்லை என்றும் நிறுவ முடியாது. அதற்கு நெடுங்கால அளவீடு வேண்டும். மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில், 1837இல், திருவனந்தபுரத்தில் வானாய்வுக் கூடம் தொடங்கியது அதற்கு உதவும் என்று அன்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இத்தனை தேடலில் என்னை உலுக்கியது வேறொரு பெயர். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலைக் காப்பது பற்றி ஆராய்ந்த மாதவ் காட்கில் குழு 2011 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தது. அமைச்சகம் அதை வெளியிடாமல் வைத்திருந்தது. எர்ணாகுளத்துக்காரர் ஒருவர் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, தகவல் ஆணையம் உத்தரவிட்டு, அமைச்சகம் டெல்லி உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்ற பிறகு, 2012 மே மாதம்தான் பொதுவில் வந்தது. அதை நீர்க்கச் செய்த கஸ்தூரிரங்கன் அறிக்கைக்கே கேரளம் கொதித்தது. கட்டுப்பாடு வரவேண்டிய சூழல் கூருணர்வுப் பகுதிகளின் பட்டியலில் கேரளத்தின் 123 கிராமங்கள் இருந்தன. 2013 நவம்பரில் ஹர்த்தால். தாமரச்சேரியில் வனத்துறை அலுவலகத்துக்குத் தீ. ஆளும் கூட்டணி, எதிர்க்கட்சி, மறைமாவட்டம் எல்லாம் ஏறக்குறைய ஒரே குரல்.

அந்தக் குரலோடு சேராத அரசியல்வாதி இடுக்கி எம்.பி. பி.டி. தாமஸ். காங்கிரஸ்காரர். காட்கில் அறிக்கை மக்களுக்கு நல்லது என்று தன் தொகுதியிலேயே நின்று சொன்னார். உயிரோடிருந்தவருக்குப் பாடை கட்டிச் சவ ஊர்வலம் நடத்தினார்கள். 2014இல் கட்சி அவருக்கு இடுக்கியைத் தரவில்லை. அறிக்கையை எதிர்த்த இயக்கத்தின் ஆதரவோடு நின்ற ஜாய்ஸ் ஜார்ஜ் வென்றார். சொன்ன சொல்லை தாமஸ் மாற்றிக்கொள்ளவில்லை. 2021 டிசம்பரில் இறந்தார்.

2024 டிசம்பரில் அதே ஐ.நா. விருது, வாழ்நாள் சாதனைப் பிரிவில், காட்கிலுக்கு வந்தது. வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை நிலச்சரிவு நடந்து நாலு மாதம் கடந்திருந்தது. அறிக்கை எழுதியவருக்குப் பதின்மூன்று ஆண்டுக்குப் பிறகாவது மாலை விழுந்தது. அதற்காகத் தொகுதியை இழந்தவரின் பெயர் எந்தத் தகுதியுரையிலும் இல்லை. வாக்குறுதிக்கு நாலு மாதத்தில் விருது தருவதைவிட, பத்தாண்டு பழைய செய்தித்தாள் கட்டை அவிழ்த்துப் பார்த்துத் தருவது மேல் என்பது என் கட்சி.

அந்தக் கட்டில் ஒரு குறை. இடுக்கிப் போராட்டம் பற்றி எனக்குக் கிடைத்தவை எல்லாம் மலையாளமும் ஆங்கிலமும்தான். தேவிகுளம், பீருமேடு பக்கம் தேயிலைத் தோட்டத் தமிழர்கள் ஏராளம். அவர்களிடம் போராட்டக்காரர்கள் என்ன சொல்லி ஆதரவு கேட்டார்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதற்கு என்னிடம் தாள் இல்லை. 2013, 2014இல் அச்சான தமிழ் நோட்டீஸ், சங்க அறிக்கை, கூட்டக் குறிப்பு எதுவானாலும் வீட்டுப் பரணில் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். ஒரு பிரதியாவது எடுத்து அருகிலுள்ள நூலகத்தில் கொடுத்து வையுங்கள்.