பத்தாயிரம் அடிக்குக் கீழே அரட்டை இல்லை

விமானம் தரையிறங்கத் தொடங்கும்போது, "இடப்பக்கம் தெரிவது இந்த மலை, வலப்பக்கம் அந்த ஏரி" என்று விமானி உங்களுக்கு அறிவிப்பதில்லை, கவனித்திருக்கிறீர்களா? அவர் அப்படிப் பேசக்கூடாது என்று விதியே இருக்கிறது. அந்த விதி வந்த கதை இது.

1972 டிசம்பர் 29 இரவு. நியூயார்க்கிலிருந்து வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ஆம் எண் விமானம் 176 பேருடன் மியாமியை நெருங்கியது. முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் பச்சை விளக்கு எரியவில்லை. 2,000 அடி உயரத்தில் விமானத்தை ஆட்டோபைலட்டிடம் விட்டுவிட்டு, விமானிகள் அந்த விளக்கைக் கழற்றிப் பார்ப்பதில் மும்முரமானார்கள். சக்கரத்தை நேரில் பார்க்க விமானப் பொறியாளர் கீழறைக்குப் போனார். இதற்கிடையே, உயரத்தைக் காக்கும் ஆட்டோபைலட் இணைப்பு யாரும் அறியாமல் விடுபட்டது. எச்சரிக்கை மணி ஒலித்தும் ஒருவரும் கவனிக்கவில்லை. விமானம் எவர்கிளேட்ஸ் சதுப்பு நிலத்தில் மோதி 101 பேர் இறந்தார்கள். சக்கரம் சரியாகவே இறங்கியிருந்தது. பழுது பல்பில்தான்!

அங்கே கவனத்தைத் திருப்பியது வேலை. அடுத்த விபத்தில் வெறும் பேச்சு.

1974 செப்டம்பர் 11 காலை, அதே நிறுவனத்தின் 212-ஆம் எண் விமானம் பனிமூட்டத்தில் சார்லட் நகரில் இறங்க வந்தது. விமானி அறையின் குரல் பதிவில் இருந்தது என்ன தெரியுமா? அரசியல், பழைய கார்கள், வழியில் தெரியும் கேளிக்கைப் பூங்காவின் கோபுரம். எந்த இடத்தில் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பது தவறிப்போனது. ஓடுபாதைக்கு 5 கிலோமீட்டருக்கு முன்பே விமானம் தரையில் மோதியது. 82 பேரில் 72 பேர் உயிரிழந்தனர்.

1981-இல் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் ஒரு விதி கொண்டுவந்தது. தரையில் ஓடும்போதும், ஏறும்போதும், இறங்கும்போதும், 10,000 அடிக்குக் கீழே விமானிகள் பறப்பதற்குத் தேவையானதை மட்டுமே பேச வேண்டும். சாப்பாடு, பத்திரிகை, ஊர்க்கதை எதுவும் கூடாது. விமானப் பணியாளர்களும் அவசியமில்லாமல் அவர்களை அழைக்கக் கூடாது. பல நாடுகள் இன்று இதே முறையைப் பின்பற்றுகின்றன.

இவர்கள் யாரும் தொழில் தெரியாதவர்கள் அல்ல. ஒன்றில் மனம் ஆழ்ந்துவிட்டால் பக்கத்தில் அடிக்கும் மணியும் காதில் ஏறாது; எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அப்படித்தான். அதனால்தான் "கவனமாக இரு" என்ற புத்திமதியோடு நிறுத்தாமல், எந்த நேரத்தில் பேசக் கூடாது என்று எல்லை வகுத்தார்கள்.

நம் வளாகத்திலும் அப்படிப்பட்ட நேரங்கள் உண்டு. லிஃப்ட் குழிக்குள் மெக்கானிக் நிற்கும்போது, மின்பலகை திறந்திருக்கும்போது, அடித்தளத்தில் ஒருவர் காரைப் பின்னால் எடுக்கும்போது, நீங்கள் கேட்க நினைத்த கேள்வி ஐந்து நிமிடம் காத்திருக்கட்டும்.