பழங்கணினியைப் புதுக்குதல்

1842ஆம் ஆண்டு வெளிவந்த மானிப்பாய் அகராதியைப் படித்தற்குக் கண்ணும் கல்வியுமே போதும். கணினியின் நிலை அஃதன்று. 1982ஆம் ஆண்டு இங்கிலாந்திலே சின்கிளேயர் நிறுவனம் வெளியிட்ட இசட் எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியின் நிரல்கள் ஒலிநாடாவிற் பதியப்பெற்றன. படிக்கும் பொறியின்றேல் அவை வெற்றொலியே. இன்றைய கணினிகள் அப்பொறியைப்போல நடிக்கவல்லன எனினும், அந்நடிப்பின் மெய்ம்மையை அறிதற்கு மூலப்பொறியே உரைகல்லாகும். ஆதலின் அதனைப் பேணுதல் வரலாற்றுப் பணியாம்.

காலப்போக்கில் மின்தேக்கிகள் வறளும். விசைப்பலகையின் மென்படலம் வெடிக்கும். நினைவகச் சில்லுகள் பழுதுறும். இவற்றை மாற்றுதல் செப்பனிடுதல். 16 கிலோபைற்று நினைவகத்தை 48 ஆக உயர்த்துதல் மேம்படுத்துதல்; இதற்கு அமைப்பாளரே வழிவைத்திருந்தனர். பிறர் பின்னர்ச் சேர்ப்பனவோ மீளக் கழற்றத்தக்கனவாதல் வேண்டும். உரைகல்லே திரிந்துவிடின் பொன்னின் மாற்றறிவது எங்ஙனம்?