தொழிற்பழகுநர் பணியிடப் பயிற்சி

தொழிற்பழகுநர் பயிற்சி என்பது ஆலை, பணிமனை, அலுவலகம் ஆகிய இடங்களில் குறிப்பிட்ட காலம் உதவித்தொகை பெற்றுக்கொண்டு தொழில் பழகும் முறை. பேச்சு வழக்கில் இதை அப்ரண்டிஸ் என்பர். வேலையிடமே வகுப்பறை ஆவதால், கற்பிக்கும் ஆள், பாதுகாப்பு, வேலை நேர வரம்பு ஆகியவற்றைப் பொறுத்தே பயிற்சியின் தரம் அமைகிறது. இந்தியாவில் இதனை 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் நெறிப்படுத்துகிறது.

வரலாறு

கல்தச்சர், கன்னார், தட்டார் ஆகியோரின் பட்டறைகளில் மகனும் மருமகனும் பெரியவர்களின் கைவேலையைப் பார்த்தே தொழில் கற்றனர். எழுத்தில் ஒப்பந்தம் இல்லை, சம்பளமும் இல்லை. கம்பெனி ஆட்சியில்தான் இது சட்டத்துக்குள் வந்தது. 1850ஆம் ஆண்டின் 19ஆம் சட்டம், அநாதைகளும் ஏழைக் குழந்தைகளும் பிழைக்க ஒரு தொழில் கற்க வேண்டும் என்ற நோக்கில் இயற்றப்பட்டது. 10 வயதுக்கு மேல் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தந்தையோ காப்பாளரோ ஒரு முதலாளியிடம் ஒப்பந்தம் செய்து ஒப்படைக்க முடிந்தது. ஒப்பந்தக் காலம் 7 ஆண்டுகளைத் தாண்டக் கூடாது என்றிருந்தது. சோறு, துணி தராமல் கொடுமைப்படுத்தும் முதலாளி மீது மாஜிஸ்திரேட்டிடம் முறையிடவும் வழி இருந்தது. பயிற்சி பெறும் பிள்ளையின் நலம் முதலாளியின் மனம்போல் விடத்தக்கதன்று என்பதை ஏட்டளவிலாவது ஏற்றுக்கொண்டது இச்சட்டம். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் நின்ற 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1961ஆம் ஆண்டுச் சட்டம் வந்து, 1962 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

சட்டம் தரும் காப்பு

உரிய தகுதியுள்ள ஒருவரைப் பயிற்சிப் பொறுப்பில் அமர்த்துவது நிறுவனத்தின் கடமை. தொழிற்சாலைகளுக்கான சுகாதார, பாதுகாப்பு, நல விதிகள் பழகுநருக்கும் பொருந்தும். விபத்து நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. அரசு நியமிக்கும் பயிற்சி ஆலோசகரின் ஒப்புதலின்றி ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. செய்த உருப்படிக்கு இவ்வளவு என்று கணக்கிட்டு உதவித்தொகை தரவும் தடை உண்டு. சட்டத்தின் மிகச் சிறந்த விதி இதுவே. உற்பத்தி எண்ணிக்கையைத் துரத்தும் பையனுக்கு, ஒரு பிழையைத் திருத்திக் கற்க நேரம் கிடைக்காது.

பழகுநர் மாணவரே, தொழிலாளர் அல்லர். ஆகவே தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்துவதில்லை. பயிற்சி முடித்தவருக்கு வேலை தந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆனால் மற்றத் தகுதிகள் சமமாக இருக்கையில் அவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என உச்ச நீதிமன்றம் 1995இல் கூறியது. நிறுவனங்கள் வேலை வாங்கிக்கொண்டு மாணவர் என்று கைகழுவுவதாகத் தொழிற்சங்கங்கள் அவ்வப்போது குறை கூறுவதுண்டு.

இன்றைய நிலை

2014ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டத்தை மீறும் முதலாளிகளுக்கான சிறைத் தண்டனையை நீக்கி, அபராதத்தை மட்டும் வைத்தது. உதவித்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு ஏற்கும் தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் 2016இல் தொடங்கியது. 30 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்ப்பது கட்டாயம்.