குரல் போன சக்கரவர்த்தி

1887 ஜனவரி. ஜெர்மன் பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக்குக்குக் குரல் கம்மிப் போச்சு. சளின்னு விட்டுட்டாங்க. நாமளும் அதைத்தானே செய்வோம்? வாரக்கணக்கா ஆகியும் சரியாகலை. மார்ச்சில் கெர்ஹார்ட் என்ற மருத்துவர் பார்த்தப்போ குரல்நாணில் சின்ன வளர்ச்சி. சூடான கம்பியால சுட்டெடுத்தார். திரும்பத் திரும்ப வளர்ந்தது.

(மூணு வாரம் தாண்டின குரல் கம்மல், ஆறாத வாய்ப்புண், கழுத்துல கரையாத கட்டி, விழுங்கறதுல சிரமம்: இதுல எது இருந்தாலும் கஷாயத்தோட நிறுத்தாம காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்க.)

மே மாசம் அறுவை சிகிச்சை நிபுணர் பெர்க்மன், குரல்வளையைத் திறந்து கட்டியை எடுத்துடணும்னார். லண்டன்லேர்ந்து வந்த மெக்கன்சி, முதல்ல சதைத் துணுக்கைச் சோதிக்கணும்னார். என்னைக் கேட்டா அது நியாயமான பேச்சுதான். அந்தக் கால அறுவையே உயிருக்கு உலை! துணுக்கைப் பார்த்தவர் சாதாரண ஆளில்லை, விர்ஷோ. புற்றுநோய் அடையாளம் இல்லைன்னுட்டார். ஆனா கட்டியோட எந்த இடத்துல கிள்ளினோம்ங்கறதைப் பொறுத்து விடை மாறுமே! அறுவை நின்னுபோச்சு.

நவம்பர்ல சான் ரெமோவில் புற்றுநோய்தான்னு உறுதியாச்சு. 1888 பிப்ரவரியில் மூச்சுக்காகக் கழுத்துல துளை. மார்ச் 9ஆம் தேதி அப்பா இறந்து இவர் சக்கரவர்த்தி ஆனப்போ குரலே இல்லை. எல்லாத்தையும் காகிதத்துல எழுதிக் காட்டினார். 99 நாள். ஜூன் 15ல் முடிஞ்சுது.

அடுத்து வந்தவர் மகன் இரண்டாம் வில்ஹெல்ம். தாராளவாதியான அப்பா பிழைச்சிருந்தா 1914 போரே வந்திருக்காதும்பாங்க சிலர். எனக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை.