சோழர் ஆணையோலையும் ஒப்புதல் முறையும்: ஆனைமங்கலச் செப்பேட்டை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

அரசனின் வாய்மொழி, தொலைவிலுள்ள ஊரில் செல்லத்தக்க ஆணையாக மாறுவதற்குச் சோழர் ஆட்சியில் பலரது ஒப்புதல் வேண்டியிருந்தது. அவ்வொப்புதல்கள் எத்தகைய காப்பாக அமைந்தன, அக்காப்பின் எல்லை யாது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

முன்னுரை

குத்தாலம், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் எனக் கடல் நோக்கி விரியும் காவிரிப் படுகையில் நிலமே செல்வம். ஓர் ஓலையால் ஓர் ஊரின் வரி முழுவதும் கைமாறிவிடக்கூடும். எனவே, ஓலை மெய்யானதா, அதை எழுதியவர்க்கும் ஏற்றவர்க்கும் உரிமை உண்டா என்னும் வினாக்கள் ஆட்சியின் அடிப்படைச் சிக்கல்களாயின. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரைக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலத்தை அளித்த செய்தியைக் கூறும் பெரிய லெய்டன் செப்பேடு இதற்குச் சிறந்த சான்றாகும்.

ஆணை கடந்த படிகள்

இக்கொடை அரசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ கி.பி. 1006இல், வாய்மொழியாகப் பிறந்தது. அதனைத் திருமந்திர ஓலை எழுதுவோன் எழுத்தில் வடித்தான். ஓலைநாயகம் முதலிய அலுவலர் ஒப்பிட்டனர். பின்னரே அது வரிக்கணக்கில் ஏறியது. கணக்கில் ஏற்றும் பணியும் ஒருவர் கையில் இல்லை. புரவுவரி, வரிப்பொத்தகம், முகவெட்டி, வரியிலீடு, பட்டோலை எனப் பல பொறுப்புகள் சோழர் ஆவணங்களில் தனித்தனியே சுட்டப்படுகின்றன. சொல்பவர், எழுதுபவர், ஒப்புபவர், பதிபவர் எனப் பணிகள் பிரிந்திருந்தமையால், தனியொருவர் பொய்யோலை ஒன்றைக் கணக்கிலேற்றுதல் எளிதன்று.

ஊரின் பங்கு

ஓலை ஊரை அடைந்ததும் நாட்டார் எதிர்கொண்டு தொழுது, தலைமேல் வைத்து ஏற்றனர். பிடியானை சூழ வர எல்லை நடந்தனர். கல்லும் கள்ளியும் நாட்டினர். அண்டை ஊரார் சார்பிலும் ஆவணத்தில் எழுத்திடப்பட்டது. தலைநகர் அறியாத வாய்க்காலையும் வரப்பையும் அறிந்தவர் இவர்களே. ஏறத்தாழ 97 வேலி நிலமும், ஆண்டுக்கு 8,943 கலத்திற்கு மேற்பட்ட நெல் வருவாயும் கொண்ட இக்கொடையின் ஆவணம் 23ஆம் ஆட்சியாண்டிலேயே நிறைவுற்றது. இராசராசனுக்குப் பின் இராசேந்திரன் அதனைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தான்.

காப்பின் எல்லை

உத்திரமேரூரின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளோடு இதனை ஒப்பிடலாம். அங்கு, வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் குடவோலையில் இடம்பெறத் தகுதியிழந்தனர். தவறியவரை விலக்கும் வழி முறையிலேயே இருந்தது. ஆனைமங்கல ஆவணத்திலோ ஒப்புதல்கள் அடுக்கடுக்காக உள்ளன. மறுப்பதற்கான படி ஒன்றுகூட இல்லை. நாட்டாரின் எழுத்து எல்லையை உறுதிசெய்ததேயன்றி, கொடையை ஏற்பதா என்று அவர்களைக் கேட்கவில்லை. அந்நிலத்தை உழுதவர் எழுத்திட்டோர் வரிசையில் தம் குரலோடு தோன்றவுமில்லை.

முடிவுரை

சோழர் ஓலைமுறை, ஆணையைப் போலியிலிருந்தும் மறதியிலிருந்தும் காத்தது. ஆணைக்கு உட்பட்டவரை ஆணையிலிருந்து காப்பது அதன் நோக்கமாகத் தெரியவில்லை. ஆகவே, செப்பேட்டின் எழுத்துகளை மக்களின் இசைவுக்குச் சான்றாகக் கொள்ளுமுன், ஒவ்வோர் எழுத்தும் எதற்கு ஒப்பியது என்று பிரித்தறிதல் இன்றியமையாதது.