மணி அடித்த பிறகு வகுப்புக்குள் வந்தவர்கள்

பழைய மாணவர் கூட்டம் போடுவது இப்போது ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. மண்டபம் பிடிக்கிறார்கள். ஒரே நிறத்தில் சட்டை எடுக்கிறார்கள். ரிடையரான வாத்தியாரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து சால்வை போடுகிறார்கள். 'அன்னிக்கு அவரு அடிச்ச அடிதான் இன்னிக்கு என்னை ஆளாக்கிச்சு' என்று மைக்கைப் பிடித்து அழுகிறார்கள். அழட்டும். வாத்தியாரை நினைத்து உருகுவதற்குத் தமிழில் பெரிய முன்மாதிரியே இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் தன் வரலாற்றில் தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பக்கம் பக்கமாக நினைத்துப் பார்க்கிறார். எம்.ஏ. தமிழ் படித்தவர்கள் யாரும் அந்தப் பக்கங்களைத் தாண்டாமல் வெளியே வந்திருக்க முடியாது. நானும் படித்தேன். ரசித்துத்தான் படித்தேன். ஆனால் படித்து முடித்ததும், அந்தத் திண்ணையில் ஏறி உட்கார முடியாத பிள்ளை எந்த வாத்தியாரை நினைத்து உருகும், எந்த வகுப்புத் தோழனைத் தேடிப் போகும் என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1939ல் தன் ஜீவிய சரித்திரத்தைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். சின்னப் புத்தகம்தான். 1891ல் பறையர் மகாஜன சபையைத் தொடங்கியவர், 1893ல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தியவர், வட்டமேசை மாநாட்டுக்கு அம்பேத்கரோடு போனவர். அப்பேர்ப்பட்டவர் தன் மாணவப் பருவத்துக்கு ஒதுக்கியது சில வரிகள். கோயமுத்தூர்க் கலாசாலையில் படித்தபோது, ஏறக்குறைய 400 பிள்ளைகளில் பத்துப் பேர் போக மற்றவர்களெல்லாம் பிராமணர்கள். யாரோடாவது சிநேகம் வைத்துக்கொண்டால் ஊர் எது, குடும்பம் எது, சாதி எது என்று கேள்வி வரும். கேள்வி வந்தால் மரியாதை போகும். அதனால் வெளியே எங்கேயாவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்துவிட்டு, மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் நுழைவாராம். வகுப்பு விட்டதும், மற்றப் பிள்ளைகள் வந்து எட்டிப் பிடிப்பதற்குள் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்துவிடுவாராம்.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தண்ணீர் கொடுக்கவில்லை, அடித்தார்கள், வெளியே உட்கார வைத்தார்கள் என்று அவர் சொல்லவில்லை. யாரும் ஒன்றும் செய்வதற்கு முன்னாலேயே ஒரு பிள்ளை தன்னைத்தானே ஒளித்துக்கொண்ட கதை இது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடக்கிற நேரத்தை விட, மணி அடிப்பதற்கு முன்னாலும் பின்னாலும் உள்ள நேரம்தான் சிநேகிதம் உண்டாகிற நேரம். கோலி ஆடுவது, மாங்காய் பங்குபோடுவது, வாத்தியாருக்குப் பட்டப்பேர் வைப்பது எல்லாம் அப்போதுதான். சாதி அந்த நேரத்தைத்தான் அவரிடமிருந்து பிடுங்கியது. வகுப்பு இருந்தது, வகுப்புத் தோழன் இல்லை. அப்படி ஒளிந்து நடந்த பிள்ளை பிற்பாடு பத்திரிகைக்குப் 'பறையன்' என்றே பேர் வைத்தாரே, அந்தப் பேருக்கு எவ்வளவு வருஷத்து மூச்சுத் திணறல் காரணம் என்று யோசித்துப் பார்க்கணும்.

சீனிவாசனின் தங்கையை மணந்தவர் அயோத்திதாசர். அவர் கதை நேர் எதிரானது. 1845ல் ஆயிரம்விளக்குப் பகுதியில் பிறந்தபோது அவருக்கு வைத்த பேர் காத்தவராயன். தனக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்த அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் பேரையே தன் பேராக ஆக்கிக்கொண்டார். இன்றைக்கு நாம் மேடை போட்டுச் சொல்கிற பேர் ஒரு வாத்தியாருடைய பேர். சால்வை போடுவதெல்லாம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

இதில் இன்னொன்றும் இருக்கிறது. 'வெள்ளைக்காரன் வந்து பள்ளிக்கூடம் திறந்த பிறகுதான் இவர்களுக்கு எழுத்து வந்தது' என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நம்மிலும் சிலர் அதையே நன்றியோடு சொல்கிறார்கள். மிஷன் பள்ளிகள் செய்ததை நான் குறைக்கவில்லை. ஆனால் ஏட்டுப் படிப்பும், சித்த மருத்துவமும், சோதிடமும் நம் ஆட்களிடம் குரு சிஷ்ய வழியாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. அயோத்திதாசர் 1907ல் தொடங்கி 1914ல் சாகும்வரை நடத்திய 'தமிழன்' பத்திரிகையைப் புரட்டினாலே அந்தப் படிப்பின் ஆழம் தெரியும். நமக்கு வாத்தியார் இருந்தார்கள். நம் வாத்தியார்களை வாத்தியார் என்று ஊர்தான் ஒத்துக்கொள்ளவில்லை.

சர்க்கார் பக்கம் பார்த்தால், பஞ்சமர் கல்விக்கென்று 1893ல் சென்னை அரசாங்கம் ஒரு ஆணை போட்டது. அடுத்த வருஷம் கர்னல் ஆல்காட் அடையாறு பக்கத்தில் தன் முதல் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் திறந்தார். பிறகு கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர், கிருஷ்ணாம்பேட்டை என்று விரிந்தது. பார்த்தீர்களா, எல்லாமே பட்டணத்தின் தென்பக்கம். ஆலையும் துறைமுகமும் இருந்த வடக்கே அவர் கால் எட்டவில்லை. ஆல்காட் நல்லவர்தான். ஆனால் இந்தப் பிள்ளைகளைப் பெரிய படிப்புக்கு அனுப்புவது அவர் நோக்கம் இல்லை. கொஞ்சம் எழுத்து, கொஞ்சம் கணக்கு, சமையல், நாலு வார்த்தை இங்கிலீஷ் தெரிந்தால் துரை வீட்டில் நல்ல வேலை கிடைக்கும் என்பதுதான் அவர் கணக்கு. அவர் போன பிறகு அதே சங்கத்துக்குத் தலைவரான அன்னிபெசன்ட் அம்மையார் 1909ல் 'இந்தியன் ரிவ்யூ' பத்திரிகையில் எழுதியது அதைவிட மோசம். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளை மற்றப் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் உட்கார வைக்கக் கூடாது, முதலில் சுத்தத்தையும் நடத்தையையும் கற்றுக்கொள்ளட்டும் என்றார். பிள்ளைகளின் உடம்பு வாசனை வரைக்கும் பேசினார். அம்பேத்கர் இதை மறக்காமல் பிற்பாடு எடுத்துப் போட்டார். அவர் எப்படி மறப்பார்? சாத்தாராவில் உட்காருவதற்குச் சாக்குத் துண்டை வீட்டிலிருந்து கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த பிள்ளை, பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர் என்று தாகத்தோடு உட்கார்ந்திருந்த பிள்ளை அவர்.

எம்.சி. ராஜா இந்த வரிசையில் வேறு மாதிரி. 1883ல் பரங்கிமலையில் பிறந்து, வெஸ்லி மிஷன் பள்ளியிலும் பிறகு கிறிஸ்தவக் கல்லூரியிலும் படித்து, தானே வாத்தியாரானவர். சட்டசபை ஆளாகத்தான் அவரை நமக்குத் தெரியும். 'பறையர்', 'பஞ்சமர்' என்ற பேர்களை விலக்கி 'ஆதி திராவிடர்' என்று அரசு எழுதியது 1922ல். அந்தத் தீர்மானத்துக்குப் பின்னால் நின்றவர் அவர். ஆனால் அதே ராஜா ஆர். ரங்கநாயகி அம்மாளோடு சேர்ந்து சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையுமாகப் புத்தகம் போட்டவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? குழந்தை இலக்கிய வரலாறு எழுதுகிற பேராசிரியர்கள் இதை ஒரு வரியாவது சேர்த்துக்கொள்ளலாம்.

1920ல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைவராக இருந்தபோது, ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு போட ஆரம்பித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு அணா செலவு. அயோத்திதாசர் பிறந்த அதே ஆயிரம்விளக்கு. பிறகு இன்னும் நாலு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23ல் 811ஆக இருந்த பிள்ளைகள் 1924-25ல் 1,671 ஆனார்கள். அரசாங்கம் செலவை ஆட்சேபித்ததும் 1925ல் நின்றுபோனது. சோறு இருந்தால் பிள்ளை வரும் என்பது அன்றைக்கே தெரிந்துபோயிற்று.

இப்போது எங்க ஏரியாவுக்கு வருகிறேன். புளியந்தோப்பு என்றால் வரலாற்றுப் புத்தகத்தில் ஒரே ஒரு விஷயம்தான்: 1921. பி அண்டு சி ஆலையில் வேலைநிறுத்தம். பட்டினி தாங்காமல் ஆதி திராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குப் போனார்கள். ஜூன் கடைசியில் புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. கலவரம், துப்பாக்கிச் சூடு, வியாசர்பாடியில் முகாம். அக்டோபரில் வேலைநிறுத்தம் தோற்று முடிந்தது. தொழிற்சங்க வரலாறு எழுதினவர்கள் நம்மைக் கருங்காலி என்றார்கள். நம்மவர்கள் பதில் எழுதினார்கள். அந்தச் சண்டை இருக்கட்டும். நான் பார்ப்பது பிள்ளைகளை. அந்த ஆலையே தன் அரைநேரச் சிறுவர்களுக்காக ஒரு பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தது. 1911 சட்டப்படி ஜவுளி ஆலையில் ஒரு பிள்ளையை ஆறு மணி நேரம் வரைக்கும் வேலை வாங்கலாம். பாதி நாள் தறி, பாதி நாள் சிலேட்டு. குடிசை எரிந்த தெருப் பிள்ளைக்கும், எரித்த தெருப் பிள்ளைக்கும் ஆலைச் சங்கு ஒன்றுதான். அந்த வருஷம் அவர்கள் ஒருத்தரை ஒருத்தர் எப்படிப் பார்த்திருப்பார்கள்?

1996ல் அந்த ஆலை மூடியபோது நான் மூணாங்கிளாஸ். வகுப்பில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ மில்லில். அடுத்த இரண்டு வருஷத்தில் ஒவ்வொருத்தனாக நின்றான். ஒருத்தன் ஆடுதொட்டிக்குத் தோல் உரிக்கப் போனான், ஒருத்தன் மெக்கானிக் கடைக்கு, ஒருத்தன் ஹார்பருக்குச் சித்தப்பாவோடு. ஒருத்தியை அவங்க ஆயா வீட்டு வேலைக்கு இட்டுனு போயிட்டாங்க. அவள்தான் கணக்கில் ஃபர்ஸ்ட். பள்ளிக்கூடத்தில் ஸ்காலர்ஷிப் ஃபாரம் வருகிற அன்றைக்கு ஒரு ஸார் எங்களை எழுந்து நிற்கச் சொல்வார். சாதியைச் சொல்லியே எண்ணுவார். நிற்காமல் உட்கார்ந்திருந்தால் பணம் போகும். நின்றால் என்ன போகும் என்று பத்து வயசில் எங்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆனால் அழணும் என்றால் எனக்கும் ஒரு வாத்தியார் உண்டு. சாயங்காலமானால் தெருவிளக்கு அடியில் ஒரு பாயை விரித்து, சுவரில் அம்பேத்கர் படத்தை மாட்டி, இரவுப் பாடசாலை நடத்திய அண்ணன். வியாசர்பாடி அம்பேத்கர் கலைக் கல்லூரியில் பி.காம். படித்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் ஸார் என்று கூப்பிட்டதில்லை. பகலில் லோடு இறக்குவார், ராத்திரி பின்னம் சொல்லிக்கொடுப்பார். நின்றுபோன பசங்களும் அங்கே வருவார்கள், கை நாற்றத்தோடே வருவார்கள். 'கைய கழுவினு வாடா' என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. 'வா நைனா, உக்காரு' என்பார். அன்னிபெசன்ட் அம்மையார் எழுதியதைப் பிற்பாடு எம்.ஏ.வில் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தப் பாய்தான். வடசென்னையில் இப்படி எத்தனையோ பாய்கள் விரித்தார்கள். அதற்கு ஆஜர் பட்டியலும் இல்லை, சம்பளமும் இல்லை. அதில் படித்தவர்கள் இன்று நர்சாக, கண்டக்டராக, வக்கீலாக இருக்கிறார்கள்.

வகுப்புத் தோழர்கள் என்று உருகும்போது நாங்குநேரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்டில், நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டினவர்கள் கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு அரசு போட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பேரில் சாதி கூடாது, கையில் கலர் கயிறு கூடாது, வருகைப் பதிவேட்டில் சாதி தெரியக் கூடாது, வகுப்பில் சாதியைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. சீனிவாசன் கோயமுத்தூரில் விறுவிறுவென்று நடந்து நூற்றைம்பது வருஷம் ஆகப்போகிறது. இன்னும் இதை அறிக்கையில் எழுத வேண்டியிருக்கிறது. இந்த அறிக்கை வந்ததும் எதிர்த்துக் கூச்சல் போட்டவர்களில் வாத்தியார்களும் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நம் மாணவத் தோழர்கள் பட்டப் படிப்புக்கு ஆய்வுத் தலைப்பு தேடிக்கொண்டிருக்கிறார்கள். புளியந்தோப்பிலும், பட்டாளத்திலும், வியாசர்பாடியிலும், திருவொற்றியூர் பக்கத்திலும் எழுபது எண்பது வயசில் இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். டேப்பு வேண்டாம், இப்போது எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. போய் உட்கார்ந்து கேளுங்கள். 'வாத்தியார் நல்லவரா' என்று கேட்டால் எல்லோரும் நல்லவர் என்றுதான் சொல்வார்கள், நம் ஜனம் செத்தவரைக் குறை சொல்லாது. அதனால் இப்படிக் கேளுங்கள்: எத்தினியாங்கிளாஸ்ல நின்னீங்க, தாத்தா? பக்கத்துல யார் உக்காந்தாங்க? தண்ணி எங்க குடிச்சீங்க? மணி அடிக்கிறதுக்கு முன்னாடி எங்க இருந்தீங்க?